‘செக்கர்டு’ என்னும் ஆங்கிலப் பெயரடை: பொருள் வளர்ச்சி, பயன்பாடு, தமிழாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சதுரங்கப் பலகை போன்ற கட்ட வடிவத்தைக் குறிக்கும் ‘செக்கர்டு’ என்னும் ஆங்கிலப் பெயரடை, துணி, கொடி, தரை, தகடு ஆகியவற்றை விளக்கும் சொல்லாகத் தொடங்கி, மனிதர் வாழ்க்கையையும் நிறுவன வரலாற்றையும் விளக்கும் சொல்லாக வளர்ந்துள்ளது. இச்சொல்லின் பிறப்பு, வடிவப் பொருள், நெகிழ்ந்த பொருள், உருவகப் பொருள் ஆகியவற்றை இக்கட்டுரை வரிசைப்படுத்தி ஆராய்கிறது. கோடுகளால் பகுக்கப்படுதல், நிறங்கள் மாறிமாறி வருதல் என்னும் இரு கூறுகள் இச்சொல்லில் இணைந்துள்ளன என்பதும், தமிழின் ‘கட்டம்’ என்னும் சொல் அவற்றுள் முதற்கூறையே உணர்த்துகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளாகும். இவ்வேறுபாட்டை உணராது மொழிபெயர்க்கும்போது ஒருவரைப் பற்றிய செய்தியே திரிந்துவிடும் வாய்ப்பு எடுத்துக்காட்டுகளுடன் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பெயரடை, சொற்பிறப்பியல், பொருள் மாற்றம், சதுரங்கம், கட்டம், உருவகம், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றபோது, சென்னையின் நேப்பியர் பாலம் சதுரங்கப் பலகையைப் போலக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக வண்ணம் தீட்டப்பட்டது. அப்பாலத்தின் தோற்றத்தை ஆங்கிலத்தில் ஒரே பெயரடையால் சொல்லிவிடலாம். அதுவே ‘செக்கர்டு’. தமிழில் அதே தோற்றத்தைச் சொல்ல ‘சதுரங்கப் பலகை போன்ற’ என உவமைத் தொடரோ, ‘கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறிமாறி அமைந்த’ என விளக்கத் தொடரோ தேவைப்படுகிறது. ‘கட்டம் போட்ட பாலம்’ என்றால் கேட்பவர் மனத்தில் எழும் காட்சி வேறாகிவிடும்.

வடிவத்தைக் குறிக்கும் இடத்தில் இவ்வேறுபாடு சிறியது. படம் உடனிருந்தால் எவரும் புரிந்துகொள்வர். ஆனால், இதே பெயரடை ஒருவரது ‘கடந்த காலம்’ என்பதற்கு முன் வரும்போது நிலை மாறுகிறது. அங்கே படம் இல்லை. சொல் மட்டுமே உள்ளது. ‘செக்கர்டு’ என்னும் அடைபெற்ற வாழ்க்கை ஏற்ற இறக்கங்கள் கொண்ட வாழ்க்கையா, குற்றம் படிந்த வாழ்க்கையா என்பதை மொழிபெயர்ப்பவர் தீர்மானிக்க வேண்டியுள்ளது. அத்தீர்மானத்திற்கு உதவும் வகையில் இச்சொல்லின் பொருள் வரலாற்றைத் தெளிவுபடுத்துவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லமைப்பு

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் இறுதியில் இறந்தகால விகுதி போன்ற ஓர் ஒட்டைச் சேர்த்து, ‘அதனை உடைய’ என்னும் பொருளில் பெயரடை ஆக்கும் வழக்கு உண்டு. தாடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து தாடியுடைய என்னும் பெயரடையும், வரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வரியுடைய என்னும் பெயரடையும் இவ்வாறு அமைகின்றன. ‘செக்கர்’ என்னும் பெயர்ச்சொல்லின்மேல் இவ்வொட்டுச் சேர்ந்து ‘செக்கர்டு’ பிறந்தது. தமிழில் ‘கட்டமிட்ட’, ‘கட்டமுள்ள’ எனப் பெயரெச்சத்தாலும் குறிப்புப் பெயரெச்சத்தாலும் அமையும் பணியை அங்கே ஒட்டு செய்கிறது.

இச்சொல்லுக்கு இருவகை எழுத்துக்கூட்டல் உண்டு. பிரித்தானிய வழக்கில் கியூ என்னும் எழுத்து இடம்பெறும். அமெரிக்க வழக்கில் சி, கே என்னும் எழுத்துகள் இடம்பெறும். ஒலிப்பில் பெரிய வேறுபாடு இல்லாமையால் தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே வடிவம் பெறுகின்றன. மேலும், செவ்வானத்தைச் சுட்டும் ‘செக்கர்’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லுக்கும் இதற்கும் எவ்வகை உறவும் இல்லை. அது செம்மை என்னும் பண்படியாகப் பிறந்தது. இது பாரசீகத்திலிருந்து புறப்பட்டு ஐரோப்பா வழியாக ஆங்கிலத்தை அடைந்தது.

2. அரசனிலிருந்து பலகைக்கு

இச்சொல்லின் வேர் ‘ஷா’ என்னும் பாரசீகச் சொல்லாகும். அதன் பொருள் அரசன். சதுரங்க ஆட்டம் பாரசீகத்திலிருந்து அரபு நாடுகளுக்கும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் பரவியபோது ஆட்டத்தின் நடுநாயகமான அரசனைக் குறிக்கும் இச்சொல்லும் உடன் சென்றது. இடைக்கால இலத்தீனில் அது ‘ஸ்காக்குஸ்’ எனத் திரிந்தது. அதிலிருந்து ஆட்டப் பலகையைக் குறிக்க ‘ஸ்காக்காரியும்’ என்னும் சொல் உருவாயிற்று. அது பழைய பிரெஞ்சில் ‘எஸ்கெக்கியே’ என்றாகி, இங்கிலாந்தில் முதலெழுத்துத் தேய்ந்து ‘செக்கர்’ என நிலைபெற்றது.

ஒரே வேரிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு சொற்குடும்பமே தோன்றியது. எதிராளியின் அரசனுக்கு நேரும் ஆபத்தை அறிவிக்கும் ‘செக்’ என்னும் சொல், தடுத்து நிறுத்துதல் என்னும் பொருளையும், பின்னர்ச் சரிபார்த்தல் என்னும் பொருளையும் பெற்றது. ஆட்டத்தின் முடிவைக் குறிக்கும் ‘செக்மேட்’, அரசன் வழியற்றுப் போனதைத் தெரிவிக்கும் ‘ஷா மாத்’ என்பதன் திரிபாகும். வங்கியில் வழங்கும் காசோலையின் ஆங்கிலப் பெயரும் சரிபார்த்தல் என்னும் பொருள்வழி வந்ததே. தமிழ்நாட்டு அரசியல் செய்திகளில் ஒருவர் மற்றொருவருக்கு ‘செக் வைத்தார்’ என்று எழுதப்படும்போது, பாரசீக அரசனின் பெயரே தொலைதூரப் பயணத்திற்குப் பின் தமிழில் ஒலிக்கிறது.

3. பலகை நிறம் பெற்ற கதை

இச்சொல்லின் வரலாற்றில் ஒரு முரண் அடங்கியுள்ளது. ஆட்டம் இந்தியாவில் தோன்றியது. நால்வகைப் படையைச் சுட்டும் ‘சதுரங்கம்’ என்னும் பெயரே அதற்குச் சான்று. ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் வழங்கிய இவ்வாட்டம், பக்கத்திற்கு 8 கட்டங்கள் கொண்ட ‘அட்டாபதம்’ என்னும் பலகையில் ஆடப்பட்டது. அப்பலகையில் கோடுகள் இருந்தன. சில கட்டங்களில் குறுக்குக் குறிகளும் இருந்தன. ஆனால், கட்டங்கள் இருநிறம் கொண்டிருக்கவில்லை. பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் ஆட்டத்திற்குப் பயன்பட்டவை கோடிட்ட ஒருநிறப் பரப்புகளே. தமிழ்நாட்டில் தரையில் சுண்ணக்கட்டியாலோ கரியாலோ வரையப்படும் தாயக்கட்டத்தை நினைத்துப் பார்த்தால் அப்பலகையின் தோற்றம் எளிதில் விளங்கும்.

கட்டங்களுக்கு மாறிமாறி இருநிறம் தீட்டும் வழக்கம் ஐரோப்பாவில் ஏற்பட்டது. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடாலயத்தில் பேணப்பட்ட, 10ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த இலத்தீன் செய்யுள் ஒன்றில் இருநிறப் பலகை பற்றிய குறிப்பு உள்ளது. ஐரோப்பாவில் சதுரங்கம் குறித்துக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் அதுவும் ஒன்று. மூலைவிட்டமாக நகரும் காயின் வழியைக் கண்ணால் தொடர்வதற்கு இருநிறம் பெரிதும் உதவுகிறது. எனவே, பயன் கருதி ஏற்பட்ட மாற்றம் காலப்போக்கில் பலகையின் அடையாளமாகவே மாறியது.

அரசனைக் குறித்த சொல் பலகையைக் குறித்தது. பலகைக்குப் பின்னாளில் நிறம் சேர்ந்தது. அந்நிறமாற்றமே இறுதியில் சொல்லின் முதன்மைப் பொருளாயிற்று. ஆசிய மண்ணில் பிறந்த சொல், ஆசியப் பலகையில் இல்லாத ஒரு பண்பைக் குறிக்கும் பெயரடையாக ஆங்கிலத்தில் நிலைத்தது.

4. கருவூல மேசை

சொல்லில் அடங்கியுள்ள முதற்கூறான கோட்டுப் பகுப்பை விளக்க, இங்கிலாந்தின் அரசுக் கருவூலம் தக்க சான்றாகிறது. அக்கருவூலத்தின் பெயரான ‘எக்ஸ்செக்கர்’ மேற்கூறிய இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கருவூல அதிகாரியான ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் இலத்தீனில் எழுதிய உரையாடல் நூல், இப்பெயருக்கான காரணத்தை விளக்குகிறது. கணக்குப் பார்க்கும் மேசை ஏறத்தாழ 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்டது. அதன்மேல் கோடிட்ட கறுப்புத் துணி விரிக்கப்பட்டது. கோடுகளுக்கு இடையில் பவுண்டு, ஷில்லிங், பென்னி ஆகியவற்றுக்கெனத் தனித்தனி நிரல்கள் அமைந்தன. அவற்றில் வில்லைகளை வைத்தும் எடுத்தும் மாவட்ட அதிகாரிகளான ஷெரீஃபுகளின் வரவு செலவு சரிபார்க்கப்பட்டது.

பலகையில் இரு அரசர்கள் போரிடுவது போல, இம்மேசையில் கருவூல அதிகாரியும் கணக்கு ஒப்படைக்க வந்தவரும் எதிரெதிரே மோதுகின்றனர் என்று அந்நூல் ஒப்புமை கூறுகிறது. இங்குக் கருதத்தக்கது யாதெனில், அத்துணியில் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி இடம்பெறவில்லை. கோடுகளே அதனைச் சதுரங்கப் பலகையோடு இணைத்தன. ஆகவே, 12ஆம் நூற்றாண்டில் இச்சொல்லுக்கு உயிர் கொடுத்தது கோட்டுப் பகுப்பே எனலாம். இன்றும் பிரித்தானிய நிதியமைச்சர் அம்மேசையின் பெயரையே தம் பதவிப் பெயரில் தாங்கியுள்ளார்.

5. வடிவப் பொருள்: இனச்சொற்களும் வேறுபாடும்

இக்கால ஆங்கிலத்தில் கட்ட வடிவத்தைக் குறிக்கப் பல சொற்கள் உள்ளன. அவற்றுள் ‘செக்கர்டு’, ‘செக்டு’ என்னும் இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் கொள்ளப்படுகின்றன. சில இடங்களில் ஒன்றற்கு மற்றொன்று வரவும் செய்கிறது. ஆயினும், வழக்கில் ஒரு பிரிவினை காணப்படுகிறது. கொடியும் தரையும் ‘செக்கர்டு’ என்னும் அடையை விரும்புகின்றன. சட்டையும் மேசை விரிப்பும் ‘செக்டு’ என்னும் அடையை விரும்புகின்றன. இப்பிரிவினைக்கு நெசவுத் தொழிலில் ஒரு காரணம் காணலாம்.

வெள்ளை நூலும் நீல நூலும் சம அகலப் பட்டைகளாகப் பாவிலும் ஊடையிலும் அமையும் ஓர் எளிய நெசவை எடுத்துக்கொள்ளலாம். நீலப் பாவும் நீல ஊடையும் சந்திக்கும் இடம் முழு நீலமாகும். வெள்ளையும் வெள்ளையும் சந்திக்கும் இடம் முழு வெள்ளையாகும். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் இடங்கள் இளநீலமாகத் தோன்றும். பரப்பில் 4இல் 1 பங்கு நீலம், 1 பங்கு வெள்ளை, எஞ்சிய 2 பங்கு கலப்பு நிறம் என அமையும். ‘கிங்காம்’ என்னும் துணிவகை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சதுரங்கப் பலகையிலோ 64 கட்டங்களில் 32 ஒரு நிறம், 32 மறு நிறம். கலப்பு நிறத்திற்கு அங்கு இடமில்லை. குறுக்கும் நெடுக்கும் ஓடும் பட்டைகளால் தானே உண்டாவது ‘செக்டு’; ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே நிறம் பெற்று நிற்பது ‘செக்கர்டு’ என்று சுருங்கக் கூறலாம்.

ஸ்காட்லாந்தின் ‘டார்ட்டன்’ பல நிறப் பட்டைகள் ஒரு குறித்த ஒழுங்கில் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதால் அமைவது. அதுவும் கலப்பு நிறம் கொண்டதே. அமெரிக்க வழக்கில் அவ்வடிவத்தையே குறிக்கும் ‘பிளேடு’, முதலில் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் போர்வையைச் சுட்டிய சொல்லாகும். சோழமண்டலக் கரையிலிருந்து ஏற்றுமதியாகி மேற்கு ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் புகழ்பெற்ற ‘மெட்ராஸ்’ கட்டத்துணி இவ்வினத்தைச் சேர்ந்தது. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இத்துணியைச் சடங்குகளில் அணிவதோடு, அதன் சில இழைகளை வெட்டி நீக்கிப் புதிய கோலங்களையும் உருவாக்குகின்றனர். ஊரின் பெயரே துணியின் பெயராகி, அது ஒரு கட்ட வடிவத்தையும் குறிக்கும் அளவுக்கு வளர்ந்தமை எண்ணத்தக்கது.

‘செக்கர்டு’ என்னும் பெயரடை தனித்த கட்டங்களையே சுட்டுவதைப் பொதுவாழ்வின் சில அடையாளங்கள் உறுதிசெய்கின்றன. கார்ப் பந்தயத்தின் முடிவை அறிவிக்கும் கறுப்பு வெள்ளைக் கொடி இப்பெயரடையாலேயே அறியப்படுகிறது. குரோவேசிய நாட்டுச் சின்னத்தில் 13 சிவப்புக் கட்டங்களும் 12 வெள்ளைக் கட்டங்களுமாக 25 கட்டங்கள் உள்ளன. அந்நாட்டு மொழியில் அதன் பெயரும் சதுரங்கப் பலகை என்னும் பொருளுடையதே. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரக் காவல்துறைத் தலைவராக இருந்த பெர்சி சில்லிட்டோ 1930களில் காவலர் தொப்பியில் அறிமுகப்படுத்திய 3 வரிசைக் கட்டப்பட்டை, இன்று பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் காவல்துறையின் அடையாளமாக விளங்குகிறது. தொலைவிலிருந்தும் வேகத்திலும் கண்ணுக்குப் புலப்படுவது இருநிற மாற்றத்தின் சிறப்பாகும்.

6. தொழில்துறையில் இச்சொல்

தமிழ்நாட்டில் இவ்வாங்கிலச் சொல் மிகுதியாக ஒலிக்கும் இடம் கட்டடப் பணியிடமும் இரும்புக் கடையும் ஆகும். பேருந்தின் தளத்திலும் இரும்புப் படிக்கட்டிலும் கால் வழுக்காதிருக்கப் பொருத்தப்படும் புடைப்புக் கோலம் கொண்ட எஃகுத் தகடு ‘செக்கர்டு பிளேட்’ என வழங்கப்படுகிறது. இத்தகைய தகடுகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 3502ஆம் எண் தரநிலை உள்ளது. நடைபாதையில் பதிக்கப்படும், வரிப்பள்ளங்களால் சிறு சதுரங்களாகப் பகுக்கப்பட்ட சிமெண்டு ஓடுகளும் ‘செக்கர்டு டைல்ஸ்’ எனப்படுகின்றன.

இவ்விரண்டிலும் நிறமாற்றம் இல்லை. தகடு முழுவதும் ஒரே நிறம், ஓடும் அவ்வாறே. மேடும் பள்ளமும் மாறிமாறி வருவதே இங்கு ‘செக்கர்டு’ என்னும் அடைக்குக் காரணம். கண்ணால் காணும் நிறத்திலிருந்து காலால் உணரும் மேடுபள்ளத்திற்குச் சொல் பெயர்ந்துள்ளது. இப்பெயர்ச்சி, பின்னர்க் காணவிருக்கும் உருவகப் பொருளைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

நிறமும் மேடுபள்ளமும் இன்றி, மாறிமாறி வருதல் மட்டுமே எஞ்சும் பயன்பாடும் உண்டு. 1862ஆம் ஆண்டின் பசிபிக் இருப்புப்பாதைச் சட்டத்தின்கீழ், அமெரிக்க அரசு பாதையின் இருபுறமும் இருந்த நிலத்தைச் சதுர மைல் பகுதிகளாகப் பகுத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக நிறுவனங்களுக்கு வழங்கியது. இடையிட்ட பகுதிகள் அரசிடமே இருந்தன. அந்நிலவுடைமை இன்றும் இச்சொற்குடும்பத்தாலேயே குறிக்கப்படுகிறது. அங்கே மாறிமாறி வருவது உரிமை.

7. நெகிழ்ந்த பொருள்

சதுர ஒழுங்கு தளர்ந்து, ஒளியும் நிழலும் விரவிய தோற்றத்தைக் குறிக்கவும் இப்பெயரடை பயன்பட்டது. ஷேக்ஸ்பியரின் ‘டைட்டஸ் ஆன்ட்ரோனிகஸ்’ நாடகத்தில் காற்றில் அசையும் இலைகள் தரையில் வீழ்த்தும் நிழலுக்கு இது அடையாகிறது. 17ஆம் நூற்றாண்டில் மில்டன் தம் ‘லலெக்ரோ’ என்னும் கவிதையில் இளையோர் ஆடும் மரநிழலுக்கு இதே அடையைத் தந்தார். மரநிழலில் சதுரம் இல்லை, கோடும் இல்லை. வெயிலும் நிழலும் அடுத்தடுத்து வருதல் மட்டுமே உண்டு. சொல்லின் இரு கூறுகளுள் கோடு மறைந்து மாற்றம் மட்டும் நின்ற நிலை இது.

உயிரினப் பெயர்களிலும் இந்நெகிழ்ச்சி காணப்படுகிறது. ஐரோப்பியப் புல்வெளிகளில் பூக்கும் ஒருவகை மலரின் இதழ்களில் ஊதாவும் வெளிர்நிறமும் கட்டங்களாக அமைந்துள்ளன. அதன் ஆங்கிலப் பெயர்களுள் ஒன்றில் இப்பெயரடை உண்டு. அதன் அறிவியல் பெயரான ‘பிரிட்டில்லாரியா மெலியாகிரிஸ்’ என்பதில் முற்பகுதி சூதாட்டக் குலுக்குக் கிண்ணத்தையும், பிற்பகுதி புள்ளிகள் நிறைந்த கினிக்கோழியையும் நினைவூட்டுகின்றன. தமிழ்நாட்டுக் குளங்களிலும் வயல்களிலும் காணப்படும் தண்ணீர்ப்பாம்பின் ஆங்கிலப் பெயரிலும் ‘செக்கர்டு’ இடம்பெறுகிறது. ஆங்கிலப் பெயர் அதன் மேனியை நோக்க, தமிழ்ப் பெயர் அது வாழும் இடத்தை நோக்குகிறது.

8. உருவகப் பொருள்

ஒளியும் நிழலும் விரவிய தோற்றத்திலிருந்து நன்மையும் தீமையும் விரவிய வாழ்க்கைக்குச் செல்வது ஓரடித் தொலைவே. ‘செக்கர்டு’ என்னும் பெயரடை இப்பொருளில் வரும்போது வாழ்க்கை, பணி, வரலாறு, கடந்த காலம் போன்ற சில பெயர்ச்சொற்களுக்கு முன்னரே மிகுதியாக வருகிறது. ஓராண்டையோ ஒரு நாளையோ அது அவ்வளவாக அடைகொள்வதில்லை. மாற்றங்கள் பல நிகழ்வதற்கு நெடிய காலம் வேண்டும் என்னும் உட்பொருளே இதற்குக் காரணம்.

இப்பொருளில் இரு நிழல்கள் உள்ளன. முதலாவது, வெற்றியும் தோல்வியும் மாறிமாறி அமைந்தமை. பதவியேற்பதும் இழப்பதும் மீண்டும் ஏற்பதுமாக இருந்த ஒருவரின் பொதுவாழ்வை இது குறிக்கும். பழிப்பு இதில் இல்லை. இரண்டாவது, நேர்மைக் குறைவான செயல்களோ தோல்விகளோ இடையிடையே நிகழ்ந்தமை. இக்கால ஆங்கிலத்தில், குறிப்பாக அமெரிக்க வழக்கில், ‘கடந்த காலம்’ என்னும் சொல்லுக்கு முன் வரும்போது இரண்டாவது நிழல் மேலோங்குகிறது. ‘பணிவாழ்வு’ என்பதற்கு முன் வரும்போது முதலாவது நிழலுக்கும் இடமிருக்கிறது. இக்கால அகராதிகள் இவ்விரு பொருளையும் தருகின்றன.

கறுப்பு வெள்ளை இரண்டும் சம அளவில் இருந்த பலகையிலிருந்து பிறந்த சொல்லில், கறுப்பின் எடை சற்றே கூடிவிட்டது. எனினும், வெள்ளை முற்றிலும் மறையவில்லை. முழுவதும் தீமையான வாழ்க்கையை எவரும் இப்பெயரடையால் குறிப்பதில்லை. இதுவே மொழிபெயர்ப்பாளர் மறக்கலாகாத எல்லை.

9. தமிழில் ‘கட்டம்’

தமிழில் இவ்வடிவத்தைக் குறிக்கும் அடிப்படைச் சொல் ‘கட்டம்’. கட்டம் போட்ட சட்டை, கட்டம் போட்ட கைலி, கட்டம் போட்ட தாள், சதுரங்கக் கட்டம், தாயக்கட்டம், சாதகக் கட்டம் என அதன் வழக்கு விரிகிறது. இவை அனைத்திலும் கோடுகளால் அடைக்கப்பட்ட இடம் என்பதே பொதுப்பொருள். தாளின் கட்டத்திலும் சாதகத்தின் 12 கட்டங்களிலும் நிறமாற்றம் இல்லை. எனவே, கட்டம் என்னும் சொல் எல்லைக் கோட்டை முன்னிறுத்துகிறது. அடுத்தடுத்த கட்டங்களின் வேறுபாட்டை அது தன்னளவில் உணர்த்துவதில்லை.

நெசவில் இக்குறையைத் தமிழ் வேறு வகையில் ஈடுசெய்கிறது. காஞ்சிபுரப் பட்டில் கட்டங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இருநிறச் சிறு கட்டங்கள் ‘பாலும் பழமும்’ எனப்படுகின்றன. மற்றொரு கட்டவகை, பகடை ஆட்டமான ‘சொக்கட்டான்’ பெயரால் வழங்குகிறது. ஆட்டப் பலகையின் பெயரால் ஆங்கிலம் ஒரு வடிவத்தைக் குறித்தது போலவே, தமிழ் நெசவாளரும் ஓர் ஆட்டத்தின் பெயரால் ஒரு வடிவத்தைக் குறித்துள்ளமை ஒப்புநோக்கத்தக்கது. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையும் பெரிய கட்டங்களாலும் பட்டைகளாலும் அறியப்படுவது.

தமிழிலும் கட்டம் வாழ்க்கையைக் குறிக்கும் சொல்லாக வளர்ந்துள்ளது. ஆயின், வேறு வழியில். ‘இக்கட்டத்தில்’, ‘இறுதிக் கட்டம்’ என்னும் தொடர்களில் அது ஒரு நிகழ்வின் நிலையைக் குறிக்கிறது. ‘அவருக்குக் கட்டம் சரியில்லை’ என்னும் பேச்சுவழக்கில் சாதகக் கட்டத்தின் வழியாகக் காலத்தின் தீமையைக் குறிக்கிறது. துன்பம் என்னும் பொருளில் வரும் ‘கட்டம்’, கஷ்டம் என்னும் வடசொல்லின் திரிபாகிய வேறு சொல். ஆங்கிலத்தில் வாழ்க்கை முழுவதையும் மேலிருந்து பலகையாகக் காணும் பார்வை உள்ளது. தமிழிலோ வாழ்பவர் ஒரு கட்டத்தினுள் நின்று அக்கட்டம் நல்லதா அல்லதா என்று வினவும் பார்வை உள்ளது. ஆகவே, ஆங்கில உருவகத்தைக் ‘கட்டம்’ என்னும் சொல்லால் நேரே பெயர்க்க இயலாது.

10. தமிழாக்க நெறிகள்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் இப்பெயரடைக்கு இடத்திற்கேற்பப் பின்வரும் ஆக்கங்களைக் கருதலாம்.

வடிவப் பொருளில், நெய்த துணிக்குக் ‘கட்டம் போட்ட’ என்பதே போதுமானது. கொடி, தரை, சின்னம் ஆகியவற்றுக்கு நிறத்தையும் சேர்த்துக் ‘கறுப்பு வெள்ளைக் கட்டமிட்ட’ என்றோ, ‘சதுரங்கக் கட்ட’ என்றோ கூறுதல் தெளிவு தரும். தகட்டுக்குப் ‘புடைப்புக் கோலமிட்ட’ என்பது பொருந்தும். நெகிழ்ந்த பொருளில் ‘ஒளியும் நிழலும் விரவிய’ என்பது இயல்பான தமிழ்.

உருவகப் பொருளில், பழிப்பு இல்லாத இடத்தில் ‘ஏற்றமும் இறக்கமும் நிறைந்த’, ‘மேடுபள்ளங்கள் கண்ட’, ‘வெற்றியும் தோல்வியும் மாறிமாறி வந்த’ என்பன ஏற்றவை. பழிப்பு உள்ள இடத்தில் ‘குறைகளும் விரவிய’, ‘சர்ச்சைகளுக்கு உள்ளான’ என்பன ஏற்றவை. ‘கறை படிந்த’ என்பது மூலத்தைவிட வன்மையானது. ‘குற்றப் பின்னணி கொண்ட’ என்பதோ மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்ப்பது. அத்தொடர் தமிழ்ச் செய்தி வழக்கில் காவல்துறை வழக்குகளையும் தண்டனையையும் நினைவூட்டும். ஒரு நிறுவனத்தை மும்முறை நட்டத்தில் மூடி, நான்காம் முறை வென்ற தொழிலதிபரைப் பற்றி ஆங்கிலச் செய்தி ‘செக்கர்டு’ என்று எழுதியிருக்க, தமிழ்ச் செய்தி அவரைக் குற்றப் பின்னணி உடையவர் என்று எழுதினால், ஒரு பெயரடையின் பிழையால் ஒருவரது நற்பெயர் கெடும்.

மறுதலையும் பிழையே. விபத்துகள் பல நேர்ந்த ஒரு விமான வகையின் பாதுகாப்பு வரலாறு இப்பெயரடையால் குறிக்கப்படும்போது, அதனைப் ‘பன்முக வரலாறு’ என்றோ ‘வண்ணமயமான வரலாறு’ என்றோ பெயர்த்தால் எச்சரிக்கை பாராட்டாகிவிடும். இப்பெயரடை எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கிறது, அதனைத் தொடர்ந்து கூறப்படும் நிகழ்வுகள் யாவை என்னும் இரண்டையும் நோக்கிய பின்னரே பொருள் கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

‘செக்கர்டு’ என்னும் பெயரடை அரசனைக் குறித்த பாரசீகச் சொல்லில் தொடங்கி, பலகை, கருவூல மேசை, கொடி, தகடு, மரநிழல் எனப் பல நிலைகளைக் கடந்து மனித வாழ்க்கையை அளக்கும் சொல்லாக வளர்ந்துள்ளது. அதன் பொருளில் கோட்டுப் பகுப்பு, மாறிமாறி வருதல் என்னும் இரு கூறுகள் உள்ளன. கருவூலத் துணியில் முதற்கூறும், மரநிழலில் இரண்டாம் கூறும், சதுரங்கப் பலகையில் இரண்டும் விளங்குகின்றன. உருவகப் பொருள் இரண்டாம் கூறிலிருந்து பிறந்தது. தமிழின் ‘கட்டம்’ முதற்கூறைச் சார்ந்தது. ஆதலால், வடிவத்தைப் பெயர்க்கும்போது துணைநிற்கும் அச்சொல், வாழ்க்கையைப் பெயர்க்கும்போது துணைநிற்பதில்லை. அங்கு விரவுதலையும் மாறுதலையும் உணர்த்தும் தமிழ்ச் சொற்களே தேவை. ஆங்கிலம் தமிழ் அகராதிகள் இப்பெயரடைக்கு வடிவப் பொருளையும் உருவகப் பொருளையும் தனித்தனியே பிரித்து, பழிப்புடைய வழக்கையும் பழிப்பற்ற வழக்கையும் எடுத்துக்காட்டுத் தொடர்களுடன் வேறுபடுத்திக் காட்டுமாயின், மொழிபெயர்ப்பாளருக்கும் செய்தியாளருக்கும் பெரிதும் பயன்படும். மேலும், புள்ளி, வரி, திட்டு முதலிய வடிவங்களைக் குறிக்கும் பிற ஆங்கிலப் பெயரடைகளும் இவ்வாறு தமிழோடு ஒப்பிட்டு ஆராயப்பட வேண்டியவை.